அசலில் இல்லாத நண்பன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிரிக்க வைத்த கன்னடப் படங்கள் என்று நீங்கள் எழுதியதில் 'ராம ஷாம பாமா'வும் (2005) இருந்தது. அது நம்முடைய 'சதிலீலாவதி'யின் (1995) மறுஆக்கம். 'சதிலீலாவதி'யோ 'ஷீ-டெவில்' (1989) என்ற அமெரிக்கப் படத்திலிருந்து வந்தது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்ததில் பாராட்ட என்ன இருக்கிறது? பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

'ஷீ-டெவில்' பார்த்திருந்தால் ஜெராக்ஸ் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். ஃபே வெல்டனின் நாவலை வைத்து எடுத்த படம் அது. ரோசேன் பார் நடித்த மனைவி, கணவனிடம் இருப்பதையெல்லாம் பட்டியல் போடுகிறாள்: வீடு, குடும்பம், வேலை, சுதந்திரம். அப்புறம் ஒவ்வொன்றாகக் காலி செய்கிறாள். மைக்ரோவேவுக்குள் ஸ்ப்ரே டப்பாக்களைப் போட்டு வீட்டையே கொளுத்திவிட்டு, பிள்ளைகளைக் கொண்டுபோய் அவன் காதலி வீட்டில் விட்டுவிட்டு வருகிறாள். கடைசியில் அவனுக்கு ஜெயில்.

பிள்ளைகளைக் காதலியின் தலையில் கட்டும் அந்த யோசனை இங்கேயும் வந்தது. பழிவாங்கல் வரவில்லை, புருஷனை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் கதையாகிவிட்டது. அவனை இன்னும் கொஞ்சம் அலையவிட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

ஆனால் படத்தின் சிரிப்பு புருஷனிடமும் இல்லை, மனைவியிடமும் இல்லை. கள்ளத்தனமாக ஊர் சுற்றுகிறவன் முன்னால் வந்து மாட்டுகிறாரே அந்த டாக்டர் நண்பர், அவரிடம் இருக்கிறது. ரகசியம் நண்பனுடையது, வீட்டில் அடி வாங்குவது இவர். இந்த ஆளும் இவர் மனைவியும் ஆங்கிலத்தில் கிடையாது. இங்கே பிறந்தவர்கள்.

தமிழில் கமலும் கோவை சரளாவும் கொங்குத் தமிழில் வெளுத்து வாங்கினார்கள். கன்னடத்தில் அதே இடத்துக்குக் கமலும் ஊர்வசியும் ஹூப்ளிப் பக்கத்துக் கன்னடத்தோடு வந்தார்கள். கன்னடப் படங்களில் நாயகன் பேசுவது பெரும்பாலும் பெங்களூர், மைசூர் பக்கத்துப் பேச்சுதான். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ரீ' ஒட்டிக்கொள்ளும் வடகர்நாடகப் பேச்சு, துணை நகைச்சுவைக்காரரோடு நின்றுவிடும். அதை இவ்வளவு பெரிய நட்சத்திரம் படம் முழுக்கப் பேசினார் என்பது சின்ன விஷயமில்லை.

தமிழில் புருஷனாக நடித்த ரமேஷ் அரவிந்தேதான் கன்னடத்திலும் புருஷன். அவர் இயக்கிய முதல் படமும் இதுதான். மனைவியாக, அழுகைப் பாத்திரங்களுக்குப் பேர்போன ஷ்ருதி. அங்கேதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. தமிழில் கல்பனா பருத்த உடம்போடு வந்து நின்றதுமே அந்த வீட்டின் சிக்கல் புரிந்துவிடும். கன்னடத்தில் அது இல்லை. (கல்பனாவின் தங்கைதான் ஊர்வசி. அக்கா ஒரு மனைவி, தங்கை இன்னொரு மனைவி!)

எதைப் பார்ப்பது என்றால், முதலில் தமிழையே பாருங்கள், கிரேசி மோகன் வசனம் தமிழ்க் காதுக்காக எழுதியது. கன்னடம் ஓசூர்க்காரருக்குப் புரியாமலா போகும்? அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.