பழைய பாட்டுகளை ரீமிக்ஸ் செய்யலாமா?

பழைய பாட்டை எடுத்துத் தாளத்தையும் வாத்தியங்களையும் மாற்றித் தருவதுதான் ரீமிக்ஸ். செய்யலாம், ஆனால் அளவோடு.

1970-இல் ‘சொர்க்கம்’ படத்துக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் போட்ட ‘பொன்மகள் வந்தாள்’, 2007-இல் ரஹ்மான் இசையில் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் திரும்ப வந்தது. செங்கோட்டையில் கொல்லம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடையில் இரண்டும் அடுத்தடுத்து ஓடின. முதலாவதற்குக் கடைக்காரர் ஆற்றிய டீயை மறந்து நின்றார். இரண்டாவதற்குப் பையன்கள் பெஞ்சில் தாளம் தட்டினார்கள்.

பழசில் பாடகர் மூச்சுவிடும் இடைவெளியும் பாட்டுதான். அதையும் டிரம்ஸால் அடைத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அம்மாவின் பட்டுப்புடவையைப் பாவாடையாகத் தைப்பது மாதிரி இது. ஜரிகை தெரியத் தைக்கணும்.

சரி, ரீமிக்ஸ் வந்தால் பழைய பாட்டு அழிந்துவிடும் என்கிறார்களே? வெட்டிய புடவைதான் திரும்பாது, மூலப்பதிவு அப்படியே இருக்கிறது.