மூன்று வாரம் நான் பாகிஸ்தான்

கேள்வி: 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கப்போகிறது. போட்டியை நடத்தும் நாடு தன் அணியை எப்படித் தயார்படுத்தும்? சொந்த மண்ணில் ஆடுவது உண்மையில் உதவுமா?

கேட்ட விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கேம்ப், செலக்‌ஷன் என்று அலைந்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. பொது அறிவுக்காகக் கேட்பவர்கள் ‘உண்மையில்’ என்ற சொல்லைப் போடமாட்டார்கள். அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் சொல்லும் பதில். உதவும். 2006 மெல்போர்னில் நமக்கு 50 பதக்கம். 2010-ல் டெல்லியில் நாமே நடத்தினோம், 101 பதக்கம், இரண்டாம் இடம். 2014 கிளாஸ்கோவில் 64. நான்கு வருடத்தில் வந்த பலம் அடுத்த நான்கு வருடத்தில் ஓடிவிடவில்லை, மாறியது மண்தான். டெல்லிக்கு வீரர்களைத் தயார்படுத்த மட்டும் மத்திய அரசு 678 கோடி ரூபாய் ஒதுக்கியது. முகாமில் பேர் அதிகம், வெளிநாட்டுக் கோச்சுகள் அதிகம். அணி ஆட்டங்களில் நடத்தும் நாட்டுக்குப் பெரும்பாலும் தகுதிச் சுற்று இல்லாமலே இடம் கிடைத்துவிடும். எந்தெந்த ஆட்டத்தைச் சேர்ப்பது என்பதிலும் நடத்துபவர் பேச்சு கொஞ்சம் எடுபடும். டெல்லியில் வில்வித்தை இருந்தது, டென்னிஸ் இருந்தது. கிளாஸ்கோவில் இரண்டும் இல்லை.

உதவாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அதே 2010 டெல்லியில் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 0-8. 1982 ஆசியப் போட்டியும் டெல்லிதான், ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7. நம் ஜனம் சுற்றி உட்கார்ந்து கத்துவது கால்களுக்குத் தெம்பும் தரும், கல்லையும் கட்டும்.

இவ்வளவும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நடத்தும் நாட்டு அணி தயாராவது என்றால் அதில் அணியில் இல்லாதவர்களும் தயாராக வேண்டும். அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்.

1995 டிசம்பர் 18 முதல் 27 வரை சென்னையில் தெற்காசியப் போட்டி நடந்தது. அப்போது சாஃப் கேம்ஸ் என்போம். ஊர் பெயர்கூட மாறவில்லை, மெட்ராஸ்தான். ஏழு நாடுகள். கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம்ம ஊர் சபீர் பாஷா ஒரே ஒரு கோல் அடித்து வங்கதேசத்தை ஜெயித்ததை வியாசர்பாடி ஆட்கள் இன்றும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். எங்கள் திருவொற்றியூர் பக்கம் கபடி.

கபடியில் ஒரு காயம் இருந்தது. 1985-ல் சேர்த்ததிலிருந்து தங்கம் நமக்குத்தான். 1993-ல் டாக்காவில் பாகிஸ்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டே வருடத்தில் நம் வீட்டு வாசலில் போட்டி.

அப்போது எனக்கு 22 வயது. லேத் பட்டறையில் வேலை, சாயந்திரம் ஆட்டம். கார்னரில், அதாவது வரிசையின் ஓரத்தில், நின்று கணுக்கால் பிடிப்பேன். பக்கத்துத் தெருக்களில் என் பிடிக்குக் கொஞ்சம் பேர் உண்டு. நவம்பரில் ஒருநாள் எங்கள் மாஸ்டர் கூப்பிட்டார். உத்தேசப் பட்டியலில் இருந்த சிலரும் மாநில அணிக்காரர்கள் சிலரும் இங்கே பயிற்சி எடுக்கிறார்கள், எதிரில் ஆட ஏழு பேர் வேண்டும் என்றார். (உடனே ஒருவர் வந்து ‘தேசிய முகாம் அங்கே நடக்கவே இல்லையே’ என்பார். தேசிய முகாம் என்று நான் சொல்லவில்லை. உத்தேசப் பட்டியலில் இருந்த சிலர் என்றுதான் சொன்னேன். போட்டோ கேட்பவர்களுக்கும் ஒன்று: 1995-ல் என்னிடம் கேமரா இல்லை, சட்டையே மூன்றுதான்.)

நான் காலைப் பிடிக்கத் தயாராகப் போனேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் டீமிலேயே உயரமும் தடியும் நான்தான். “டேய், இன்னிக்கிலேர்ந்து நீதான் பாகிஸ்தான். உன் ஆட்டத்த மறந்துடு. ரைடு போ” என்றார். ரைடு என்றால் பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவது.

விஷயம் இதுதான். பஞ்சாப் பக்கம், இரண்டு நாட்டிலுமே, வட்டத்துக்குள் ஆடும் கபடி ஒன்று உண்டு. ரைடு வருபவனை ஒருத்தன்தான் தடுக்கலாம், நேருக்கு நேர் மல்லுக்கட்டு. அதில் வளர்ந்தவர்களுக்குத் தோளிலும் இடுப்பிலும் பயங்கர பலம். நம் பக்கத்து ஆட்டம் வேறு. சின்ன உடம்பு, வேகம், கைகோத்துச் செயின் போட்டு மடக்குவது. அவர்கள் செயினுக்குள் வந்து மாட்டினாலும் தோளால் பிய்த்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்விடுவார்கள். மாட்டியவர்கள் மூன்று பேரும் சேர்ந்து அவுட். அதைத் தடுக்கப் பழக வேண்டுமானால் அப்படிப் பிய்க்கிற ஒருத்தன் தினமும் எதிரில் வர வேண்டும்.

வீடியோ எல்லாம் கிடையாது. மாஸ்டரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. வெளியில் ஆடிவிட்டு வந்த பழைய ஆட்டக்காரர்களிடம் கேட்டுக்கேட்டு எழுதியது. எந்தப் பக்கம் முதலில் போவான், போனஸ் கோட்டை எந்தக் காலால் தொடுவான், பிடிபட்டதும் உட்காருவானா நிமிர்வானா. தரையில் புளியங்கொட்டையை வைத்துக் காட்டுவார். நான் புளியங்கொட்டை போன வழியில் போக வேண்டும்.

முதல் நாலு நாள் நான் ராஜா. பெரிய பெரிய ஆட்களை இழுத்துக்கொண்டு வந்தேன். மழைக்காலம் வேறு, மண் சேறாகி, மரவாடியிலிருந்து மரத்தூள் அள்ளிவந்து கொட்டித்தான் ஆட்டம். அந்தச் சேற்றில் இரண்டு பேரைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கோட்டைத் தொட்டிருக்கிறேன். அஞ்சாவது நாள் இடது கார்னரில் இருந்தவர் கணுக்காலைப் பிடிக்காமல் முட்டிக்கு மேலே பிடித்து, நான் நிமிரும் அந்த நொடிக்காகக் காத்திருந்தார். நிமிர்ந்தேன். கார்னருக்கு உள்பக்கம், கவரில் இருந்தவர் என் மார்பில் வந்து விழுந்தார். அவ்வளவுதான்.

அதன்பிறகு தினமும் பிடிபட்டேன். இதில் உள்ள கொடுமையைக் கவனியுங்கள். நான் எவ்வளவுக்கு ஒழுங்காகப் பாகிஸ்தானாக ஆடினேனோ அவ்வளவுக்கு அவர்கள் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் கடுப்பில் என் சொந்த ஆட்டத்தை ஆடினேன். ஓடிப்போய் விரல் நுனியால் ஒருத்தரைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். யாரும் எதிர்பார்க்கவில்லை, சுத்தமான பாயின்ட். மாஸ்டர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். “அவன் இப்பிடி ஆடமாட்டான். திரும்பப் போய்ட்டு வா.” பாயின்டும் இல்லை.

மூன்றாவது வாரம் இருபது ரைடு போனால் இரண்டில் தப்பினால் பெரிது. வலது கணுக்கால் வீங்கிப் பூசணிக்காயாகிவிட்டது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப்போட்டார். பட்டறை முதலாளியிடம் மூன்று வார லீவு கேட்டபோதே, “தங்க மெடலு உனக்கா குடுக்கப் போறான்?” என்றார். சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் கேட்டது நியாயமான கேள்வி.

தங்கம் வந்தது. அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. லீவு போட்டதற்கு ஈடாக நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் டீக்கடை பேப்பரில்தான் படித்தேன். கணுக்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், ஏனோ தெரியவில்லை. மாஸ்டர் சாயந்திரம் வந்து ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தார். ஆட்டக்காரர்கள் யாரும் வரவில்லை. வருவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தெருவில் எனக்குப் பெயர் ‘பாகிஸ்தான்’. 1999-ல் கார்கில் சண்டை நடக்கும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு நண்பன், “பாகிஸ்தான் வந்துட்டான்டா!” என்று கத்த, பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அம்மா அவனை வீட்டுக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்தச் சான்றிதழ் கதை. சில வருடம் கழித்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்த கிளார்க், “எந்தப் போட்டியில ஆடினீங்க? எந்த டீமுக்கு?” என்று கேட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீங்க பாகிஸ்தானுக்கு ஆடியிருக்கீங்க” என்றார். நானும் சிரித்துவிட்டேன். பேப்பர் இல்லாமல் அவர் என்ன செய்வார்? ஆடியவனுக்குச் சான்றிதழ் உண்டு, பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் உண்டு, எதிரில் நின்று அடி வாங்கியவனுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டிக்காகத்தான் வேளச்சேரியில் நீச்சல் குளம் வந்தது, நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் ஸ்டேடியம் வந்தது. வந்தது நல்லது, பொறாமையில்லை. நாங்கள் ஆடிய மண்ணுக்கு ஒரு லோடு செம்மண்கூட வரவில்லை. இப்போது அந்த இடத்தில் ஆட்டமும் இல்லை. விடியற்காலையில் பையன்கள் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஓடலாம் என்றால், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஓடினால் புகையைத்தான் குடிக்க வேண்டும். டிரைவர்களும் பாவம், பல மணி நேரம் சோறு தண்ணி இல்லாமல் நிற்கிறார்கள். ஆனால் ஒரு சைக்கிள் போக வழி வேண்டாமா? என் அக்கா மகன் போன மாதம் பைக்கோடு விழுந்து முழங்கை பெயர்ந்து கிடந்தான். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

‘அதெல்லாம் அந்தக் காலம், இப்போது எல்லாம் சயின்ஸ்’ என்று சொல்பவர்களுக்கு: 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் நம் ஆண்கள் அணியை அரையிறுதியில் ஈரான் 27-18 என்று தோற்கடித்தது. 1990-ல் கபடியைச் சேர்த்ததிலிருந்து அதுவரை நாம் தங்கத்தை விட்டதே இல்லை. பெண்கள் இறுதி ஆட்டத்திலும் ஈரான்தான், 27-24. அந்தப் பெண்கள் அணிக்குக் கோச் நம் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நம் ஆட்டத்தை உள்ளிருந்து தெரிந்தவர் அந்தப் பக்கம் இருந்தார். நோட்டு என்றாலும் கம்ப்யூட்டர் என்றாலும் வேலை ஒன்றுதான்.

உங்கள் பிள்ளை எந்த விளையாட்டு என்று நீங்கள் சொல்லவில்லை. கபடி என்றால் காமன்வெல்த்தில் இதுவரை அதற்குப் பதக்கமே கிடையாது. நடத்துவது நாம், கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. ஆனால் வேறு வழிகள் இருக்கின்றன. கண்ணகி நகர் கபடி வீராங்கனை கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டித் தங்கத்தோடு வந்தபோது எங்கள் பக்கமும் வெடி வெடித்தோம். குத்துச்சண்டை, பளுதூக்குதல் என்றால் 2030-க்கு இப்போதிருந்தே ஆள் பார்ப்பார்கள், முகாமுக்கு நிறையப் பேரைக் கூப்பிடுவார்கள். அதில் பெரும்பாலோர் அணிக்குப் போகமாட்டார்கள். யாராவது ஒரு கோச் உங்கள் பிள்ளையைப் பார்த்து, ‘நீ ரெண்டு வாரம் இங்கிலாந்துக்காரன் மாதிரி ஆடு’ என்பார்.

அனுப்புங்கள். நான் என் ஆட்டத்தில் கற்றதெல்லாம் அந்த மூன்று வாரத்தில் கற்றதுதான். அதற்குப் பிறகு நாலு வருடம் எங்கள் பக்கத்தில் என் செயினை உடைத்தவன் கிடையாது. கிளம்பும்போது மட்டும் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, சீல் வைத்துத் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கேட்க வெட்கப்பட்டேன். மாஸ்டர் இப்போது இல்லை. அந்த நாற்பது பக்க நோட்டும் யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ.