பழவேற்காடு: கார் இல்லாமல், அம்மாவோடும் பையனோடும்

நண்பரே, கார் கிடையாது, அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்குப் படகும் பூநாரையும் வேண்டும், கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்கிறீர்கள். திருவொற்றியூரிலிருந்து பழவேற்காடு ஏரிக்குத் தாராளமாகப் போய்வரலாம். நான் தண்டையார்பேட்டை, மூன்று முறை போயிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு. சுமார் 20 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ வேண்டாம், அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

படகை மட்டும் மறந்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை போட்டார்கள். ஆனாலும் கரையில் யாராவது "சும்மா ஒரு ரவுண்டு சார்" என்று கூப்பிடலாம். பையன் அழுதாலும் ஏறாதீர்கள்.

பூநாரைக்கு ஜனவரி, பிப்ரவரிதான் என் தேர்வு. ஆழமில்லாத சேற்று நீரில் தலையைக் கவிழ்த்து மேயும் பறவை அது. ஏரி தளும்பி நிற்கும் மழைக்காலத்தில் போனால் ஏமாற்றம்தான். வெறும் கண்ணுக்குத் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு மாதிரிதான் தெரியும். ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குள் கரையில் இருப்பது நல்லது, அப்புறம் வெயில் கண்ணைக் கூசும்.

படகுக்குப் பதிலாகப் பையனை டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப் போங்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கி நிற்கும். என் மகன் அதை விட்டு நகரவே இல்லை. உள்ளே சமதரைதான், அம்மா மெதுவாக நடக்கலாம்.

திரும்பும்போது இறால் வாங்குவதென்றால் வீட்டிலிருந்தே மூடி போட்ட டப்பா எடுத்துப் போங்கள். நான் பாலித்தீன் பையில் வாங்கி, ரயிலில் பெட்டி முழுக்கத் திட்டு வாங்கினேன்.