நன்றிக் கடிதத்தில் இல்லாத வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு வருடமாக ஒரு தொண்டு நிறுவனம் வழியாக ஒரு மாணவியின் படிப்புக்குப் பணம் கட்டி வருகிறேன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். ‘நான் நலம், உங்கள் உதவிக்கு மிக்க நன்றி, நன்றாகப் படித்து டாக்டர் ஆவேன்.’ எல்லாக் கடிதத்திலும் இதேதான். போன மாதம் நிறுவனம் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் கணக்கில் தோல்வி. கூடவே வந்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை, உண்மையையாவது எதிர்பார்க்கலாம் அல்லவா? என்ன பதில் எழுதுவது? கல்லூரிப் படிப்புக்கும் உதவ நினைத்திருந்தேன். தொடரலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கடிதம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் உங்கள் வருத்தம் பாதி குறையும். பல நிறுவனங்களில் கடிதம் எழுத ஒரு நாள் குறித்து, பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைப்பார்கள். களப்பணியாளர் கரும்பலகையில் ஒரு மாதிரியை எழுதிப்போடுவார். பிள்ளைகள் பெயரையும் வகுப்பையும் மாற்றிக்கொண்டு அதைப் பார்த்து எழுதுவார்கள். பிறகு ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். ஊர்ப் பெயர், வீட்டுச் சண்டை, பண விஷயம் எல்லாம் அங்கே அடிபட்டுப் போகும். உங்கள் கைக்கு வருவது கரும்பலகையின் கடிதம்.

மாதிரியே இல்லாவிட்டாலும் அவள் தோல்வியை எழுதியிருக்க மாட்டாள். பணம் கட்டுகிறவரிடம் போய் ‘நான் ஃபெயில்’ என்று எந்தப் பிள்ளை சொல்லும்? நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே இருக்கும். குறியெதிர்ப்பை என்று பழைய சொல் ஒன்று உண்டு. ஒரு அளவு வாங்கி, பிறகு அதே அளவைத் திருப்பிக் கொடுக்கிற கைமாற்று. உதவி பெறும் பிள்ளைகள் பலர் தங்கள் மதிப்பெண்ணை அப்படித்தான் நினைக்கிறார்கள்: இவ்வளவு வாங்கினோம், இவ்வளவு காட்ட வேண்டும். காட்ட முடியாத வருடம் மறைக்கத்தான் தோன்றும். அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி கணக்கு. நிறுவனத்துக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள்: வருகைப் பதிவு, மற்ற பாடங்களின் மதிப்பெண், ஆறு ஏழாம் வகுப்புகளில் கணக்கில் எப்படி இருந்தாள் என்பது. எல்லாப் பாடமும் சேர்ந்து இறங்கியிருந்தால் கோளாறு கணக்கில் இல்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, அறுவடைக் காலத்து வேலை, பள்ளியில் ஒழுங்கான கழிப்பறை இல்லாததால் மாதத்தில் சில நாள் போகாமலிருப்பது என்று காரணம் வருகைப் பதிவில் தெரியும். கணக்கு மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் பின்னம், குறை எண் இரண்டும் பிடிபடாமலே மேல் வகுப்புக்கு வந்திருப்பாள். இயற்கணிதம் அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் x-ஐக் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு உண்மையில் தெரியாதது 2/3-இலிருந்து 1/4-ஐக் கழிப்பதுதான். இங்கேதான் உதவுகிறவர்களின் பணம் வீணாகிறது. டியூஷனுக்குக் கட்டுவார்கள், டியூஷனில் பள்ளியில் நடத்திய அதே பாடத்தை இன்னொரு முறை வேகமாக நடத்துவார்கள். கேட்க வேண்டியது பின்னத்திலிருந்து தொடங்கும் மூன்று மாத வகுப்பு. வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரம் போதும். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்க அவள் கூச்சப்படுவாள், அதனால் தனியாகவோ இரண்டு மூன்று பேரோடோ உட்கார்ந்தால் நல்லது.

கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். மிகச் சாதாரணமான, மிக அதிகம் தவறவிடப்படுகிற காரணம் இது. பலகையிலிருந்து எழுதும்போது எண்களை மாற்றி எழுதுவது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுவது, வாய்மொழியாகக் கேட்டால் சரியாகச் சொல்வது, இவை அடையாளம். மொழிப் பாடத்தில் ஒரு சொல் மங்கினாலும் ஊகித்துவிடலாம், கணக்கில் 3 எது 8 எது என்று ஊகிக்க முடியாது. மேற்குச் சீனாவின் 252 தொடக்கப் பள்ளிகளில் பார்வைக் குறை இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2014-இல் வெளிவந்தது. இலவசமாகக் கண்ணாடி கொடுத்த பள்ளிகளில் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் போதாது. கேலிக்குப் பயந்து பைக்குள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைகள் நிறைய, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.

‘டாக்டர் ஆவேன்’ என்பதைக் கேலியாகவும் எடுக்க வேண்டாம், வாக்குறுதியாகவும் எடுக்க வேண்டாம். வீட்டைத் தாண்டி அந்தப் பிள்ளை வேலை செய்யப் பார்த்தவர்கள் டாக்டர், டீச்சர், போலீஸ், அவ்வளவுதான். ஆசை சின்னதாக இல்லை, பட்டியல்தான் சின்னது. இதில் உங்கள் கடிதத்துக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. பொலிவியா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய 6 நாடுகளில் 10,144 பேரை வைத்து, கம்பேஷன் இன்டர்நேஷனல் நிறுவனம் வழியாகச் சிறுவயதில் உதவி பெற்றவர்கள் பெரியவர்களானபின் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தது 2013-இல் வந்த ஓர் ஆய்வு. மற்றவர்களைவிட அவர்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். அந்த ஆய்வைச் செய்த குழுவைச் சேர்ந்தவர்கள் பிறகு ஜகார்த்தாவில் பிள்ளைகளைத் தங்கள் படத்தைத் தாங்களே வரையச் சொல்லிப் பார்த்தபோது, உதவி பெறும் பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையின் குறிகள் கூடுதலாகத் தெரிந்தன. கட்டணம் கட்டுவதோடு, ‘உன்னால் முடியும்’ என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் பங்கு இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

ஆகவே பதில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள். மொழிபெயர்ப்பாளர் கையில் சிதையாதபடி சின்ன வாக்கியங்கள், பழமொழியோ நகைச்சுவையோ வேண்டாம். கேள்வி மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள், எண் போட்டுக் கேளுங்கள். ‘எப்படிப் படிக்கிறாய்’ என்றால் ‘நன்றாக’ என்றுதான் வரும். ‘இந்த மாதம் கணக்கில் எந்தப் பாடம் நடந்தது, அதில் எந்தக் கணக்கு உனக்கு வரவில்லை?’ என்று கேட்டால் கரும்பலகை மாதிரியில் அதற்கு விடை இருக்காது. தோல்வியைப் பற்றி நீங்களே முதலில் பேசிவிடுங்கள்: ‘மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். அதனால் என் உதவி நிற்காது.’ இந்த இரண்டு வாக்கியம்தான் கடிதத்தில் முக்கியம், மேலேயே எழுதுங்கள். ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிப்பவர், நிலம் அளப்பவர், பம்பு பழுது பார்ப்பவர் என்று ஒருவரின் ஒரு நாள் வேலையை ஒவ்வொரு கடிதத்திலும் பத்து வரியில் சொல்லுங்கள். உங்கள் வீடு, கார், விடுமுறைப் பயணம் வேண்டாம். நேரில் வருகிறேன் என்றும் எழுத வேண்டாம். தொலைபேசி எண் கேட்பதோ கொடுப்பதோ கூடாது, அது அவளுடைய பாதுகாப்புக்காக.

கல்லூரியைப் பற்றி அவளிடம் இப்போது ஒரு வார்த்தையும் வேண்டாம். முதலில் நிறுவனத்தோடு எழுத்தில் முடிவு செய்யுங்கள். எந்தப் படிப்பு வரை, ஒரு பாடம் தவறினால் எத்தனை முறை மறுபடி எழுதலாம், படிப்பை மாற்றினால் என்ன, கட்டணம் போகப் பேருந்துக்கும் விடுதிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் யார் கொடுப்பது. கடைசியில் சொன்ன அந்தச் சில்லறைச் செலவில்தான் பல பிள்ளைகள் நின்றுபோகிறார்கள், கல்விக் கட்டணத்தில் அல்ல. மதிப்பெண்ணோடு பணத்தை முடிச்சுப் போடாதீர்கள், போட்டால் மறுபடி மறைப்பாள். ஒரு பருவத்துக்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு நெருக்கடி வந்து நிறுத்த வேண்டியிருந்தால், ஒரு வருடம் முன்பே நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் அவர்களால் வேறு ஆளைத் தேட முடியும்.

மொழிபெயர்ப்பு, சரிபார்ப்பு எல்லாம் தாண்டி உங்கள் கடிதம் அவள் கைக்குப் போக இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். கண் பரிசோதனைக்கும் வருகைப் பதிவுக்கும் கடிதத்தோடு காத்திருக்காமல் இந்த வாரமே நிறுவனத்துக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.