சிங்கப்பூரில் வீடு, கடை, பண்ணைக்குச் சூரிய சக்தித் தகடு பொருத்த அரசாங்கம் ஏன் மானியம் தருவதில்லை?

தஞ்சாவூரில் அண்ணன் வீட்டு மாடியில் 3 கிலோவாட் தகடு பொருத்தியதற்கு இந்திய ஒன்றிய அரசு 78,000 ரூபாய் தந்ததாம். "இவ்வளவு வசதியுள்ள சிங்கப்பூரில் ஒரு வெள்ளிகூட இல்லையா? வீட்டுக்கும் கடைக்கும் பண்ணைக்கும் என்னதான் ஆதரவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியை வைத்து, உங்களுக்குச் சொந்தமாகத் தரைவீடு இருக்கிறது, யாரோ ஒரு விற்பனையாளர் விலை கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடு என்றால் பதில் சுருக்கம்: கூரை உங்களுடையது அல்ல, தனியாகப் பொருத்த முடியாது. சன்னல் கம்பியில் தகடு கட்டி சுவர் பிளக்கில் செருகும் யோசனையும் வேண்டாம். மின்கட்டமைப்போடு இணையும் எந்த உற்பத்திக் கருவிக்கும் உரிமம் பெற்ற மின்னூழியர் கையெழுத்து வேண்டும். மேலிருந்து தகடு விழுந்தால் கீழே நடப்பவரின் உயிர் போகும்.

வாங்கும்போது கையில் தரும் மானியம் வீடுகளுக்கு இங்கே கிடையாது. அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டில் குளிர்பதனப் பெட்டி, எல்இடி விளக்கு எல்லாம் வாங்கலாம், சூரியத் தகடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆதரவு வேறு மூன்று வழிகளில் வருகிறது: நீங்கள் மின்கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு உங்கள் மின்கட்டணத்தில் கிடைக்கும் கழிவு, சிறிய அமைப்புகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு, பொதுக் கூரைகளை மொத்தமாகத் திரட்டி விடும் ஏலம்.

மூன்றாவதுதான் அளவில் பெரியது. வீவகவும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் 2014-ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில், நூற்றுக்கணக்கான புளோக்குகளின் கூரைகளை ஒரே தொகுப்பாக்கி ஏலம் விடுகிறார்கள். எடுத்த நிறுவனம் தன் பணத்தில் தகடு போடும். அந்த மின்சாரம் முதலில் மின்தூக்கி, நடைபாதை விளக்கு, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றுக்குப் போகும், மிச்சம் கட்டமைப்புக்குப் போகும். வீவகவில் இருப்பவருக்கு வரும் பலன், பேட்டையைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் செலவு குறைவதில்தான் இருக்கிறது. 2021-ல் திறந்த தெங்கே நீர்த்தேக்க மிதவைப் பண்ணை, 60 மெகாவாட், 122,000 தகடு, அதுவும் ஏல வழியில் வந்ததுதான்.

இது நியாயமா என்றால், என் கருத்தில் நியாயம்தான். தரைவீட்டில் இருப்பவர்கள் குடும்பங்களில் ஏறத்தாழ 5 விழுக்காடு. அவர்கள் கூரைக்கு எல்லாருடைய வரிப்பணத்தையும் எடுத்துக் கொடுப்பதைவிட, வீவக கூரையில் போடுவது மேல். "அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 2021 பசுமைத் திட்டம் வைத்த 2030 இலக்கான 2 கிகாவாட்டை எட்டினாலும் அது அப்போதைய மின்தேவையில் சுமார் 3 விழுக்காடுதான். நாட்டின் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. இங்கே தட்டுப்பாடு பணத்துக்கு இல்லை, இடத்துக்குத்தான். தமிழ்நாட்டில் நிலைமை வேறு, அங்கே மானியம் கொடுப்பதற்கு வேறு காரணங்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். ஆனால் சிங்கப்பூரில் கூட்டுரிமை வீட்டில் (கொண்டோ) இருப்பவர்களுக்குத் தரைவீட்டைப் போலச் சொந்தக் கூரையும் இல்லை, வீவகவைப் போல ஏலமும் இல்லை என்ற குறை உண்மை. உரிமையாளர்களின் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுத்து, நிர்வாகக் குழு வழியாகப் பொதுப் பகுதி மின்சாரத்துக்குப் போட்டுக்கொள்வது ஒன்றே அவர்களுக்கு வழி.

இனி உங்கள் கூரைக் கணக்கு. விற்பனையாளர்கள் பெரும்பாலும் தவறாகச் சொல்லும் இடம் இது, அதனால் மெதுவாகப் பாருங்கள்.

இப்போது கிடைக்கும் தகடுகளில் 1 கிலோவாட்டுக்கு 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 யூனிட் தரும். 10 கிலோவாட் என்றால் மாதம் 1,000 யூனிட். வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்பி நிறுவனத்தின் கட்டணம் 2025-ல் யூனிட்டுக்கு வரிக்கு முன் 27–28 காசு, வரியோடு 30 காசு என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் 1,000-ஐ 30-ஆல் பெருக்கி, மாதம் 300 வெள்ளி மிச்சம் என்று தாளில் எழுதிக் கொடுப்பார். அப்படி வராது.

தகடு உற்பத்தி செய்யும் அதே நேரத்தில் வீட்டில் ஓடும் மின்சாரத்துக்குத்தான் முழு 30 காசு மிச்சமாகும். பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வீட்டில் அது மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் வெளியே போகும். எஸ்பியிடமே மின்சாரம் வாங்கும் வீட்டுக்கு, 1 மெகாவாட்டுக்குக் குறைந்த அமைப்பென்றால், எளிமைப்படுத்தப்பட்ட கழிவுத் திட்டம் பொருந்தும். கட்டணத்திலிருந்து கட்டமைப்புச் செலவைக் கழித்து மிச்சத்தைத் தருவார்கள், ஏறத்தாழ 20 காசு. ஆகவே 350 யூனிட்டுக்கு 105 வெள்ளி, 650 யூனிட்டுக்கு 130 வெள்ளி, மொத்தம் 235. அமைப்பின் விலை 15,000 வெள்ளி என்றால் போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும். விற்பனையாளரின் தாளில் அது நாலு ஆண்டு என்றிருக்கும். தகட்டின் செயல்திறன் உத்தரவாதம் 25 ஆண்டு என்பதால் ஐந்து ஆண்டும் நல்ல கணக்குதான், பொய்க் கணக்குக்குத் தேவையே இல்லை.

இன்னொரு வலை இருக்கிறது. திறந்த மின்சந்தையில் மலிவான சில்லறை நிறுவனத்துக்கு மாறினால் மேற்சொன்ன கழிவுத் திட்டம் பொருந்தாது. வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு மொத்தச் சந்தை விலைதான், அது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். வாங்கும் விலையில் இரண்டு காசு மிச்சம் பிடிக்கப் போய் விற்கும் விலையில் அதைவிட அதிகம் இழக்கலாம். பகல் பயன்பாடு குறைவான வீடுகள் தகடு போட்ட பிறகு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மாற வேண்டும்.

பேட்டரி வீட்டுக்கு வேண்டாம் என்பேன். ஒரு யூனிட்டைச் சேமித்து இரவில் பயன்படுத்தினால் லாபம் 30-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 10 காசு. 10 யூனிட் பேட்டரி தினமும் முழுதாக நிறைந்து தீர்ந்தாலும் நாளைக்கு ஒரு வெள்ளி, ஆண்டுக்கு 365 வெள்ளி. மின்தடைக்கு உதவுமே என்பார்கள். இங்கே மின்தடை அரிது. பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு மின்தடையின்போது தானே நின்றுவிடும், கம்பியில் வேலை செய்யும் ஊழியரைக் காப்பாற்ற அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. பழுது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஒப்பந்தம் போடும் முன் கூரையை மூன்று விதமாகப் பாருங்கள். திசை பெரிய விஷயமில்லை. நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறோம், கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாய்வுதான் முக்கியம், 10 டிகிரி இருந்தால் மழையே கழுவிவிடும். அதைவிடப் படுக்கையாக வைத்தால் கீழ் விளிம்புச் சட்டத்தில் தண்ணீர் தேங்கிச் சேறு வரியாகப் படியும், அந்த வரிசைச் செல்கள் சூடேறி உற்பத்தி விழும். அடுத்தது நிழல். இன்று பக்கத்து வீடு ஒற்றை மாடி என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தில் உங்கள் தெரு மூன்று மாடிப் பகுதியா என்று பாருங்கள். ஆமென்றால் அவர் இடித்துவிட்டு 15.5 மீட்டர் வரை எழுப்பலாம், உங்கள் காலை வெயில் முழுதும் போய்விடும், கேட்க வழியில்லை.

ஓட்டுக் கூரையில் ஒழுகல்தான் முதல் புகார். காரணம் எப்போதும் ஒரே இடம். ஓட்டைத் தூக்கி, அடியில் உள்ள பருமனான சாய்வு மரத்தில் எஃகுக் கொக்கியைத் திருகிவிட்டு, ஓட்டை மறுபடி வைக்கிறார்கள். கொக்கி வெளியே வரும் இடத்தில் ஓட்டின் அடிவிளிம்பைக் கொக்கியின் கனத்துக்கு அரைத்தெடுக்க வேண்டும். அவசரத்தில் அரைக்காமல் வைத்தால் ஓடு கொக்கிமேல் உட்கார்ந்து ஒரு விரல் தூக்கி நிற்கும். காற்றோடு அடிக்கும் மழை உள்ளே போகும், அடுத்தமுறை யாராவது மிதித்தால் ஓடு வெடிக்கும். சாய்வு மரத்தை விட்டுவிட்டு மேலே குறுக்கே ஓடும் சிறு சட்டத்தில் திருகினால் இன்னும் மோசம், காற்றின் இழுவையை அது தாங்காது. கொக்கி பொருத்தும் நாளில் ஒவ்வொரு கொக்கியையும் ஓடு மூடும் முன் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மடிப்பு உலோகக் கூரை என்றால் துளையே போடாமல் மடிப்பைக் கவ்வும் பிடி உண்டு, அதையே கேளுங்கள்.

இரண்டாவது புகார், மழை பெய்தால் நிலக்கசிவுப் பாதுகாப்பு (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுந்துவிடுவது. தகட்டுக் கம்பிகளில் இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் இணைப்பிகளை ஒன்றோடொன்று மாட்டியிருப்பார்கள். பார்க்கப் பொருந்தும், உள்ளே தொடர்பு சரியாக இராது, ஈரம் ஏறும், சூடாகி உருகும். கூரையில் தீப்பிடிக்கவும் இதுதான் வழி. இணைப்பிகள் இருபக்கமும் ஒரே தயாரிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். ஆண்டில் பாதி நாளுக்குச் சற்றுக் குறைவாக இடிமழை பெய்யும் ஊர் இது, ஆகவே மின்னழுத்தம் திடீரென எகிறுவதைத் தடுக்கும் தடுப்பான் நேர்மின் பக்கமும் மாறுமின் பக்கமும் வேண்டும். இன்வெர்ட்டரை (தகட்டின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் பெட்டி) மேற்குச் சுவரில் மாட்ட விடாதீர்கள், மாலை வெயிலில் சூடேறினால் அது தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தகட்டுக்கடியில் புறா கூடு கட்டாமல் சுற்றிலும் வலை போடுங்கள்.

எஸ்பியிடம் இணைப்பு விண்ணப்பம் போடுவது மின்னூழியரின் வேலை, கூரை பாரம் தாங்குமா என்று சான்று தருவது நிபுணத்துவப் பொறியாளரின் வேலை. சோதனை முடிந்து இருவழி மீட்டர் மாற்றி, கழிவுத் திட்டப் பதிவு உறுதியான பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். பதிவாகாத நாளில் வெளியே போன யூனிட்டுக்குக் காசு வராது.

கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் கணக்கு இன்னும் நல்லது, பகலில்தானே இயந்திரம் ஓடுகிறது. பணம் போடாமல், நிறுவனமே தகடு போட்டு 15 முதல் 25 ஆண்டுக்குக் குறைந்த விலையில் மின்சாரம் விற்கும் ஒப்பந்தமும் உண்டு. அதில் நாலு வரியைப் படியுங்கள்: குறைந்தபட்ச யூனிட் வாங்கும் கட்டாயம், கூரை பழுது பார்க்கத் தகட்டைக் கழற்றும் செலவு யாருடையது, இடையில் கட்டடத்தை விற்றால் என்ன, புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் யாருக்கு. அரசாங்கத் தொழிற்பேட்டைகளை நிர்வகிக்கும் ஜேடிசி கழகத்தின் நிலம் என்றால் அதன் இசைவு வேண்டும். உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகள், உச்சத் தேவைக்கேற்ப முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் மின்திறனுக்கான ஒப்பந்தக் கொள்ளளவுக் கட்டணமும் குறையும் என்று நம்பக் கூடாது. ஒரு அரை மணி நேரம் மேகம் மூடினாலே உச்சத் தேவை பழைய அளவுக்கு ஏறிவிடும். லிட்டில் இந்தியா கடைவீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம், தெருவிலிருந்து தெரியும் கூரையில் கைவைக்கும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். 1 மெகாவாட்டைத் தாண்டினால் மின் உரிமமும் வேண்டும், சராசரி கடைக்கு அந்தக் கவலையில்லை.

பண்ணைக்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பு 2021-ல் 60 மில்லியன் வெள்ளி வேளாண் உணவுத் தொழில் உருமாற்ற நிதியைத் தொடங்கியது, உற்பத்தியைக் கூட்டும் கருவிகளுக்குச் செலவில் ஒரு பங்கு தருவதற்காக. அது இன்னும் திறந்திருக்கிறதா என்று கருவி வாங்கும் முன்பே அந்த அமைப்பிடம் கேளுங்கள். லிம் சூ காங் நிலப் பண்ணைகளில் குளிரறையும் பம்பும் நாள் முழுதும் ஓடுவதால் தகடு தரும் யூனிட்டெல்லாம் உள்ளேயே தீரும், ஆனால் குத்தகையில் மீதி எத்தனை ஆண்டு என்று முதலில் பாருங்கள். ஜோகூர் நீரிணையில் கூண்டில் மீன் வளர்ப்போர் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருப்பவர்கள், அவர்களுக்குப் பேட்டரி நிச்சயம் லாபம். 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகும் உப்புக்காற்றுச் சோதனை தேறிய தகடும் இல்லாமல் கடலில் போடக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது மனத்தை அறுக்கிறது. மலிவான விலைப்புள்ளியில் எது குறைந்திருக்கிறது என்று பார்த்தால் தகடும் இருக்கும், இன்வெர்ட்டரும் இருக்கும், சாரமும் பாதுகாப்புக் கயிறும் இருக்காது. அந்தக் கூரையில் ஏறுபவர் பெரும்பாலும் புதுக்கோட்டையிலிருந்தோ பங்ளாதேஷிலிருந்தோ வந்த தம்பி. ஈர ஓட்டில் சறுக்கினால் அவர் குடும்பத்துக்கு எந்த மானியமும் ஈடாகாது. மனிதவள அமைச்சின் உயர வேலை விதிகள்படி 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. அந்தச் சீட்டைக் காட்டுங்கள், கயிறு எந்த இடத்தில் நங்கூரமிடப்படும் என்று வரைந்து கொடுங்கள், மழை பிடித்தால் வேலை நிறுத்துவதற்கான நாளையும் அட்டவணையில் சேருங்கள் என்று கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் அடுத்தவரிடம் விலை கேளுங்கள்.