பிரிந்து வந்தால் பெயரும் பிரியட்டும்

கே: கபடி கிளப் நிர்வாகிகள் கணக்கே காட்டுவதில்லை. வெளியேறித் தனி கிளப் தொடங்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ப: தாராளமாக. 2002-ல் லண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணியை வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்ததும், ரசிகர்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினார்கள், 2011-ல் தொழில்முறை லீக்கையே எட்டிவிட்டார்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். துணைவிதிகளோடு (சங்கம் நடக்கும் விதிகள்) மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். சிக்கல் வருவது பெயரில்தான்: பழைய பெயருக்கு முன்னால் 'புதிய' என்று ஒட்டினால் போதாது, குழப்பம் தரும் பெயரைப் பதிவாளர் மறுத்துவிடலாம். மேட், ஜெர்சி எதையும் தூக்கி வராதீர்கள். அவை பழைய சங்கத்தின் சொத்து. ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாவட்ட கபடிக் கழக அங்கீகாரம் தனி. பதிவுச் சான்று இருப்பதால் மட்டும் அது வந்துவிடாது. கணக்குக்காகப் பிரிகிறீர்களே, காசோலைக்கு இருவர் கையெழுத்து என்பதைத் துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள்.