வெளிநாட்டுப் பள்ளியில் மாணவத் தன்னார்வலராக: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஆறு வாரம் பிரிட்டனில் ஒரு பள்ளியில் இன்டர்ன்ஷிப். சம்பளம் இல்லாததால் விசிட்டர் விசாவே போதும் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

பதில்: அவரை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் சம்பளம் வாங்காமல் செய்தாலும் வேலை வேலைதான். பிரிட்டன் விசிட்டர் விசாவில், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மொத்தம் 30 நாள் வரைதான் தன்னார்வப் பணி செய்யலாம். பயணத்தின் முக்கிய நோக்கமும் அதுவாக இருக்கக் கூடாது. உங்களுடையது 42 நாள், போவதே அதற்காகத்தான். இரண்டு விதியும் இடிக்கிறது. வேறு நாடென்றால் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் மூன்றைச் சொல்லிக் கேளுங்கள்: எத்தனை நாள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசமா. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் இலவசத் தங்குமிடத்தையே கூலியாகக் கணக்கிடுவார்கள். வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: போலீஸ் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கடைசி 3 அல்லது 6 மாதத்துக்குள் வாங்கியதைத்தான் பள்ளிகள் பெரும்பாலும் ஏற்கும். அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக அரசு தரும் சான்று) வேண்டுமா, மொழிபெயர்ப்பு வேண்டுமா என்று முதலில் பள்ளியிடம் கேளுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் வழக்கமாக முத்திரை முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. மாற்றிச் செய்தால் முத்திரையில் இருப்பது மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், மறுபடி செலவு. பெயரின் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

கேள்வி: தடுப்பூசிக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும்?

பதில்: ஹெபடைடிஸ் பி வழக்கமான முறையில் 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. ஆகவே அரை வருடம் முன்னால். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் போதும்.

கேள்வி: முதல் வாரம் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கச் சொல்கிறார்கள். ஆறு வாரத்தில் ஒன்று வீண்தானே?

பதில்: அந்த வாரத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் இரண்டாம் வாரம் திணறுகிறார்கள். உட்கார்ந்து வேடிக்கை பார்க்காதீர்கள். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று படம் போடுங்கள், பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், ஆசிரியர் எந்தச் சைகையில் வகுப்பை அமைதியாக்குகிறார் என்று பாருங்கள். 40 நிமிட வகுப்பில் வருகைப் பதிவு, நோட்டு எடுப்பது எல்லாம் போகக் கையில் நிற்பது 30 நிமிடம். பாடத்தை அந்த 30-க்குத் திட்டமிடுங்கள்.

பாடத்தில் நடக்கும் பெரிய தவறு, ‘புரிந்ததா?’ என்று கேட்பது. வகுப்பே சேர்ந்து ‘புரிந்தது’ என்னும், ஒன்றும் தெரியவராது. மணி பார்க்கக் கற்றுத்தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு அட்டை வட்டம், இரண்டு காகித முள், நடுவில் விரித்து மடக்கும் பித்தளை ஊக்கு. ‘மூன்றே முக்கால் வைத்துத் தூக்கிக் காட்டு’ என்று சொல்லுங்கள். பாதிப் பேர் சின்ன முள்ளை நேராக 3-இல் வைத்திருப்பார்கள். அது 4-ஐ நெருங்கியிருக்க வேண்டும். அட்டைக் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றுவதால் வரும் பிழை அது. அன்றைய பாடமே அங்கேதான் தொடங்குகிறது. வட்டங்களை முந்தைய நாளே வெட்டி வையுங்கள். வகுப்பில் கத்தரிக்கோல் எடுத்தால் அந்த 30 நிமிடமும் போச்சு.

கேள்வி: பிள்ளைகளோடு போட்டோ எடுக்கலாமா? சாக்லேட் வாங்கித் தரலாமா?

பதில்: எழுத்தில் அனுமதி இல்லாமல் போட்டோ வேண்டாம். பரிசு தந்தால் பள்ளி வழியாக, வகுப்புக்குப் பொதுவாக. சமூக வலைத்தளத்தில் மாணவரின் நட்புக் கோரிக்கையை ஏற்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

கேள்வி: காப்பகத்தோடு சேர்ந்த பள்ளி ஒன்று, பணம் கட்டினால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறது. எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.

பதில்: விட்டுவிடுங்கள். தன்னார்வலர் தரும் பணத்துக்காகவே, பெற்றோர் உள்ள குழந்தைகளையும் காப்பகங்களில் சேர்ப்பது நடக்கிறது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் காப்பகத் தன்னார்வப் பணியால் வரும் தீங்கைக் குறிப்பிட்டது. போலீஸ் சான்றிதழ் கேட்டுத் தொந்தரவு செய்யும் பள்ளிதான் நல்ல பள்ளி.

கேள்வி: மேடம், 120 மணி நேரம் முடித்தால்தான் கல்லூரியில் கிரெடிட். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பள்ளி நாள்காட்டியில். வாரம் 20 மணி நேரம், ஆறு வாரம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். நடுவில் ஒரு வாரம் விடுமுறை வந்தால் 100-தான். தென்கோளத்தில் பள்ளி ஆண்டு பெரும்பாலும் டிசம்பரில் முடியும், அப்போது போனால் பூட்டிய கதவுதான். கல்லூரி, பள்ளி, நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கிளம்பும் முன்பே இருக்கட்டும். நேரப் பதிவேட்டில் வாரா வாரம் கையெழுத்து வாங்குங்கள். பொறுப்பாசிரியர் கடைசி நாளில் விடுப்பில் இருந்தால் கிரெடிட் அங்கேயே நிற்கும்.

கேள்வி: கடைசி வாரம் என்ன செய்வது?

பதில்: புதிய பாடம் எதையும் தொடங்காதீர்கள். ஆசிரியர் நடத்தட்டும், நீங்கள் மறுபடி பின்வரிசைக்குப் போங்கள். அட்டைக் கடிகாரங்களை ஒரு பெட்டியில் போட்டு, எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்ற ஒரு பக்கக் குறிப்போடு அவர் மேசையில் வையுங்கள். ஊக்குகள் பத்து அதிகம் போடுங்கள், முதலில் தொலைவது அவைதான்.